நொண்டிய காலும் நூறாயிரம் டாலரும்: சீபிஸ்கட்டின் ஒரு வருடம்

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினதே சாக்கு" என்று ஒரு பழமொழி உண்டு. வேலை செய்ய மனமில்லாமல் காரணம் தேடுகிறவனைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. மனிதனுக்கு அது பொருந்தலாம். குதிரைக்குப் பொருந்தாது. உண்மையில் விஷயம் தலைகீழ். ரேஸுக்கென்று வளர்ந்த குதிரை சாக்குச் சொல்லாது. காலில் வலி கொஞ்சம் குறைந்தால் போதும், உடனே பாயப் பார்க்கும். உள்ளே காயம் ஆறிவிட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நொண்டிய குதிரையை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டு வருவது என்றால், பாதி வேலை அதை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான்!

இந்தப் பிடித்து வைக்கும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவில் 1939-40இல் நடந்த ஒரு கதை இருக்கிறது. குதிரையின் பெயர் சீபிஸ்கட். 2001இல் லாரா ஹில்லன்பிராண்ட் எழுதிய புத்தகமும், 2003இல் வந்த திரைப்படமும் இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டு போய்ச் சேர்த்தன. படம் பார்த்தவர்களுக்கு வார் அட்மிரல் என்ற குதிரையோடு நடந்த போட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் போட்டிக்குப் பிறகு நடந்ததுதான் உண்மையில் பெரிய விஷயம்.

முதலில் கொஞ்சம் முன்கதை.

சீபிஸ்கட் பிறந்தது 1933 மே மாதம், கென்டக்கி மாநிலத்தில். அப்பன் ஹார்ட் டேக், தாத்தா புகழ்பெற்ற மேன் ஓ வார். ஹார்ட் டேக் என்றால் அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் தின்ற கல் மாதிரியான காய்ந்த ரொட்டி. அதற்கே இன்னொரு பெயர் கடல் பிஸ்கட். அப்படித்தான் மகனுக்கு சீபிஸ்கட் என்று பெயர் வந்தது. குடும்பம் பெரிய குடும்பம்தான், ஆனால் குதிரை குட்டை. முட்டி கொஞ்சம் வளைந்திருக்கும். தின்பதிலும் தூங்குவதிலும் இருந்த ஆர்வம் ஓடுவதில் இல்லை. முதல் 17 ரேஸ்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இரண்டு வயதிலேயே அதை 35 ரேஸ்களில் ஓட வைத்துவிட்டார்கள். இது மிக அதிகம். பள்ளிக்கூடப் பையனை தினமும் மாரத்தான் ஓடவிட்ட மாதிரி.

1936 ஆகஸ்டில் சார்லஸ் ஹோவர்ட் என்பவர் அதை 8,000 டாலருக்கு வாங்கினார். இவர் சான்பிரான்சிஸ்கோவில் ப்யூக் கார் விற்றுக் கோடீஸ்வரரானவர். குதிரையை ரோட்டிலிருந்து விரட்டிய வியாபாரம் செய்து சம்பாதித்த பணத்தைக் குதிரையிலேயே கொட்டினார். பயிற்சியாளர் டாம் ஸ்மித். அதிகம் பேசமாட்டார், காட்டுக் குதிரைகளைப் பழக்கிப் பழகியவர். ஜாக்கி ரெட் பொல்லார்ட் கனடாக்காரர். ஜாக்கிக்கு உயரம் அதிகம், வலது கண்ணில் பார்வை கிடையாது. இந்தக் கண் விஷயம் வெளியே தெரிந்தால் ஜாக்கி வேலையே போய்விடும் என்பதால் பல வருடம் மறைத்து வைத்திருந்தார்.

இந்த மூன்று பேர் கையில் வந்த பிறகு குதிரை ஆளே மாறிவிட்டது. 1937இல் 15 ரேஸ்களில் 11 வெற்றி. 1938 நவம்பர் 1ஆம் தேதி பால்டிமோர் நகரின் பிம்லிகோ மைதானத்தில் வார் அட்மிரலோடு ஒண்டிக்கு ஒண்டி மோதி நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்தது. ரேடியோவில் அதைக் கேட்டவர்கள் சுமார் 4 கோடி பேர் என்று சொல்வார்கள். அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டமும் கிடைத்தது.

ஒரே ஒரு குறை. கலிஃபோர்னியாவின் சாண்டா அனிதா ஹேண்டிகேப் ரேஸை மட்டும் ஜெயிக்க முடியவில்லை. பரிசு ஒரு லட்சம் டாலருக்கு மேல் என்பதால் அதை "நூறாயிரம் டாலர் ரேஸ்" என்றே கூப்பிடுவார்கள். ஹேண்டிகேப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. சேணத்தில் ஈயத் துண்டுகளை வைத்து எடையைக் கூட்டுவார்கள். வசதி இருக்கிறவனிடம் அதிக வரி வாங்குகிற மாதிரி! 1937இல் ரோஸ்மாண்ட் என்ற குதிரையிடம் சீபிஸ்கட் மூக்கு நுனி வித்தியாசத்தில் தோற்றது. 1938இல் மறுபடியும் மூக்கு நுனி, இந்த முறை ஸ்டேஜ்ஹேண்ட் என்ற குதிரையிடம். அந்த ரேஸில் சீபிஸ்கட் சுமந்தது 130 பவுண்டு, ஸ்டேஜ்ஹேண்ட் சுமந்தது 100 பவுண்டு. கிட்டத்தட்ட 14 கிலோ வித்தியாசம்.

ஆக, 1939இல் மூன்றாவது முயற்சி. அதற்கு முன் பயிற்சி மாதிரி ஒரு சின்ன ரேஸ், பிப்ரவரி 14 அன்று. பொல்லார்ட் காயத்தில் இருந்ததால் அவர் நண்பர் ஜார்ஜ் வூல்ஃப் ஓட்டினார். ரேஸின் நடுவில் குதிரை ஒரு தடவை தடுமாறியது. ஆனாலும் நிற்கவில்லை, இரண்டாவதாக வந்து முடித்தது. எல்லையைத் தாண்டியதும் வூல்ஃப் அவசரமாக நிறுத்திக் குதித்து இறங்கினார். முன்னங்கால்களில் இடது காலைக் குதிரையால் சரியாக ஊன்ற முடியவில்லை.

அறுந்தது எலும்பு அல்ல. தசைநார். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அடுத்த ஒரு வருடம் புரியும்.

குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய், தோல், அப்புறம் கயிறு கயிறாகத் தசைநாண்களும் தசைநார்களும்தான். இழுக்கும் தசை எல்லாம் மேலே இருக்கிறது. கீழ்க்காலை லேசாக வைத்தால்தான் வேகமாக வீச முடியும் என்பதற்கான இயற்கையின் ஏற்பாடு இது. முட்டிக்குக் கீழே இருக்கும் நீள எலும்பின் பின்பக்கத்தில் ஒரு முக்கியமான தசைநார் இறங்குகிறது. குளம்புக்கு மேலே இருக்கும் கணு மூட்டுக்கு அருகில் அது இரண்டாகப் பிரிந்து, மூட்டைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறது. நம் வீடுகளில் குழந்தையைப் போடும் தூளியை நினைத்துக் கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் இடத்தில் கணு மூட்டு.

நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் முழு உடலும் ஒற்றை முன்னங்காலின் மேல் வந்து இறங்கும். குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. வேகத்தோடு இறங்கும்போது அந்தக் காலில் விழும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு வரை போகும். கணு மூட்டு தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழும், தூளி இழுபட்டு மறுபடி மேலே தூக்கும். ஒரு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. அந்தத் தூளிச் சேலையில் ஒரு கிழிசல் விழுந்தால் என்ன ஆகும்? அதுதான் சீபிஸ்கட்டுக்கு ஆனது.

இங்கே வார் அட்மிரலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது 1937 ஜூனில் பெல்மாண்ட் ரேஸில் கிளம்பும்போது தன் முன்னங்குளம்பைத் தானே மிதித்து ஒரு துண்டைப் பெயர்த்துக் கொண்டது. ரத்தம் ஒழுக ஓடி ஜெயித்தது. பார்க்கப் பயங்கரம். ஆனால் சில மாதங்களில் களத்துக்குத் திரும்பிவிட்டது. காரணம் எளிது. குளம்பு நகம் மாதிரி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். போனது திரும்ப வரும். தசைநார் அப்படி அல்ல. கிழிந்த இடத்தில் பழைய நார் வளராது, தழும்புதான் வளரும். அந்தத் தழும்புக்குப் பழைய நாரின் நெகிழ்ச்சி இருக்காது. அதனால் ஒரு தடவை போன இடம் மறுபடியும் போகும் என்பது ரேஸ் உலகில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிதாக வளரும் நார்கள் ஆரம்பத்தில் தாறுமாறாக, சிக்குப் பிடித்த முடி மாதிரி இருக்கும். அதன் மேல் அளவான இழுவிசை விழ விழத்தான் அவை ஒரே திசையில் நேராகின்றன. அசையாமலே வைத்திருந்தால் சிக்கு அப்படியே நிற்கும், நார் பலவீனமாகும். அதிகம் அசைத்தால் மறுபடி கிழியும். எவ்வளவு போதும், எவ்வளவு அதிகம்? இன்று அல்ட்ராசவுண்ட் கருவி வைத்து உள்ளே பார்த்துவிடுகிறார்கள். முதலில் கையில் பிடித்து நடக்க வைப்பது, பிறகு ஆள் ஏறி நடை, பிறகு மெல்லோட்டம், கடைசியாகப் பாய்ச்சல் என்று வாரக்கணக்கில் அட்டவணை போடுகிறார்கள். எட்டு மாதம், பத்து மாதம், ஒரு வருடம் என்று போகும். 1939இல் அந்தக் கருவி இல்லை. இருந்தது விரல்தான். காலைத் தடவிச் சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, அழுத்தினால் காலை இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். நடக்கவிட்டுக் கண்ணால் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இன்னொரு வைத்தியமும் நடைமுறையில் இருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயம்பட்ட காலில் சூடு போடுவது! நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவது போலவேதான். புண் பெரிதானால் ரத்தம் அதிகம் வந்து உள்ளே இருக்கிற காயமும் ஆறும் என்பது நம்பிக்கை. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, சூட்டால் பயன் இல்லை என்று கண்டார்கள். சூடு போட்ட குதிரைகள் குணமானதற்குக் காரணம் சூடு அல்ல, அந்தப் புண் ஆறும் வரை கிடைத்த நீண்ட ஓய்வு. பாவம், ஓய்வு கொடுப்பதற்கு மனிதனுக்கு ஒரு கொடுமையான சாக்கு தேவைப்பட்டிருக்கிறது.

சரி, குதிரையைப் படுக்க வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மனிதனை ஆறு மாதம் படுக்கையில் போட முடியும். குதிரையை முடியாது. அதன் உடல் நின்று கொண்டிருப்பதற்காகவே ஆனது. ஒரு கால் ஊன்ற முடியாமல் போனால் எதிர்க் கால் எல்லாப் பாரத்தையும் தாங்கும், நாளாக ஆக அந்தக் குளம்புக்குள் இருக்கும் திசுக்கள் கெட்டுவிடும். 2006 மே மாதம் பிம்லிகோவில் பார்பரோ என்ற குதிரைக்குப் பின்னங்கால் எலும்பு நொறுங்கியது. அறுவை சிகிச்சை செய்து எலும்பை ஒட்ட வைத்தார்கள். ஆனால் மற்றக் கால்களின் குளம்புகள் கெட்டுப் போய், 2007 ஜனவரியில் அதைக் கருணைக் கொலை செய்ய வேண்டி வந்தது. நவீன மருத்துவத்துக்கே இந்த நிலை. 1939இல் ரேஸ் மைதானத்தில் ஒரு குதிரையின் கால் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும்.

சீபிஸ்கட்டை வடக்கு கலிஃபோர்னியாவில் வில்லிட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஹோவர்டின் ரிட்ஜ்வுட் பண்ணைக்கு அனுப்பினார்கள். மலையும் காடும் புல்வெளியுமாகப் பெரிய பண்ணை. ஹோவர்டுக்கு அந்த இடத்தில் ஒரு தீராத துக்கம் இருந்தது. 1926இல் அவருடைய 15 வயது மகன் அங்கே ஒரு பழைய டிரக்கை ஓட்டிக்கொண்டு போய் விபத்தில் இறந்து போனான். அதன் பிறகு ஹோவர்ட் வில்லிட்ஸ் ஊருக்கு மகன் பெயரில் ஒரு மருத்துவமனை கட்டிக் கொடுத்தார். கார் விற்றவரின் மகன் வண்டி விபத்தில் போனதும், அவர் குதிரைகள் பக்கம் திரும்பியதும் தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே பண்ணைக்கு இன்னொரு நொண்டியும் வந்து சேர்ந்திருந்தார். ரெட் பொல்லார்ட்.

1938 பிப்ரவரியில் ஒரு ரேஸில் அவர் ஓட்டிய குதிரை விழுந்து, அவர் மார்பு நசுங்கியது. பிழைத்ததே பெரிய விஷயம். நான்கு மாதத்தில் மறுபடி குதிரை ஏறினார். ஜூன் மாதம் பாஸ்டனில் ஒரு காலை, தெரிந்தவருக்கு உதவியாக ஒரு குதிரையைப் பயிற்சிக்கு ஓட்டப் போனார். அது மிரண்டு ஓடி லாயத்தின் மூலையில் மோதியதில் அவருடைய கால் எலும்பு நொறுங்கியது. வார் அட்மிரலோடு நடந்த போட்டியை அவரால் ஓட்ட முடியாமல் போனது இதனால்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபடி, எப்படி ஓட்ட வேண்டும் என்று வூல்ஃபுக்கு யோசனை சொன்னார். வார் அட்மிரலைப் பக்கத்தில் வரவிடு, சீபிஸ்கட் அதன் கண்ணைப் பார்க்கட்டும், பிறகு பார் என்பது அந்த யோசனை. அப்படியே நடந்தது. ஆனால் கால் ஒழுங்காகச் சேரவில்லை. மறுபடி உடைந்தது, மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. கையில் காசு இல்லை. ஹோவர்ட் தன் பண்ணையில் தங்க வைத்தார். ஆஸ்பத்திரியில் தன்னைக் கவனித்துக் கொண்ட நர்ஸையே 1939இல் கல்யாணம் செய்து கொண்டார் பொல்லார்ட்.

இப்போது அந்தப் பண்ணையைக் கற்பனை செய்து பாருங்கள். கைத்தடி ஊன்றி நொண்டும் ஒரு மனிதன், கயிற்றின் மறுமுனையில் நொண்டும் ஒரு குதிரை. தினமும் நடை. இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு நல்ல கால்கள்தான் மிச்சம் என்று பொல்லார்டே பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. ஆரம்பத்தில் கொஞ்ச தூரம். அடுத்து கொஞ்சம் கூட. பல வாரங்களுக்குப் பிறகு முதுகில் சேணம். அதுவும் ரேஸ் சேணம் அல்ல, மாடு மேய்ப்பவர்கள் போடும் கனமான சேணம். அதிலும் நடைதான். மலைச்சரிவில் ஏறி இறங்கும் நடை. நடையிலிருந்து மெல்லோட்டத்துக்கும், மெல்லோட்டத்திலிருந்து பாய்ச்சலுக்கும் போக மாதங்கள் ஆயின. பொல்லார்டும் அதே வேகத்தில்தான் தேறினார். முதலில் ஊன்றுகோல், பிறகு தடி, பிறகு குதிரை முதுகு.

பொல்லார்ட் மட்டும் கால் நன்றாக இருந்த ஒருவராக இருந்திருந்தால் அந்த நடை இவ்வளவு மெதுவாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வலி எப்படித் திரும்பி வரும், எப்போது ஏமாற்றும் என்பதை அவர் தன் காலிலேயே பார்த்தவர். நான்கு மாதத்தில் அவசரப்பட்டுக் குதிரை ஏறியவரும் அவர்தான்.

அந்த வசந்த காலத்தில் சீபிஸ்கட்டைப் பெண் குதிரைகளோடு சேர்த்தார்கள். அதாவது ஓய்வு பெற்ற குதிரைக்குரிய வேலை தொடங்கிவிட்டது. பத்திரிகைகளும் கதை முடிந்தது என்றே எழுதின. உள்ளபடி பார்த்தால் முடிந்திருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். 8,000 டாலருக்கு வாங்கிய குதிரை அதுவரை சம்பாதித்திருந்தது சுமார் 3,40,000 டாலர். போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டது. இனிமேல் அது ஓடாமலே, குட்டிகளுக்குத் தகப்பனாக இருந்தே வருமானம் கொடுக்கும். ஓடினால் கிடைக்கக்கூடியது ஒரு பரிசு. ஓடிக் கால் போனால் குதிரையே போகும், அதோடு அந்த வருமானமும் போகும். காமர்ஸ் முதல் வருடம் படிக்கிற பையனிடம் கேட்டால்கூட "வேண்டாம்" என்றுதான் சொல்லுவான்.

அப்படியும் ஏன்? அப்போது உலகிலேயே அதிகம் சம்பாதித்த ரேஸ் குதிரை சன் போ. அதன் கணக்கு 3,76,744 டாலர். சீபிஸ்கட் அதை எட்ட இன்னும் 36,000 டாலர்தான் பாக்கி. ஆனால் இது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. சாண்டா அனிதாவை ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஹோவர்டின் ஆசை என்றால், அது 1939 மார்ச்சிலேயே நிறைவேறிவிட்டது. சீபிஸ்கட் நொண்டிக் கிடந்தபோது அவருடைய இன்னொரு குதிரை, அர்ஜென்டினாவிலிருந்து வந்த கயாக், அதே ரேஸை ஜெயித்தது. அப்படியானால் அவருக்கு வேண்டியிருந்தது கோப்பை அல்ல. அந்தக் கோப்பையை இந்தக் குதிரை ஜெயிக்க வேண்டும். அன்பு என்று சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம். காலைப் பணயம் வைத்தது அவர் அல்லவே, குதிரைதானே என்று கேட்பவர்களுக்கு நியாயமான பதில் எதுவும் இல்லை.

1939இன் கடைசியில் சீபிஸ்கட் மீண்டும் சாண்டா அனிதாவில் டாம் ஸ்மித்திடம் வந்தது. வயது ஏழாகப் போகிறது. ரேஸ் குதிரைக்கு அது முதுமையின் வாசல். பண்ணைப் புல்லில் உடம்பும் பெருத்திருந்தது. இங்கேதான் பயிற்சியாளருக்கு ஒரு சிக்கல். எடையைக் குறைக்க ஓட்ட வேண்டும், ஓட்டினால் அந்தக் கூடுதல் எடை பழைய காயத்தின் மேல் விழும். அதனால் நீண்ட தூரம், மெதுவான வேகம் என்றுதான் தொடங்க வேண்டும். ஸ்மித்துக்கு இது புதிதல்ல. 1936இல் கைக்கு வந்தபோதும் சீபிஸ்கட் கால் வலியும் பதற்றமுமாகத்தான் வந்தது. அப்போது அவர் செய்த முதல் வைத்தியம், லாயத்தில் அதற்குத் துணையாகப் பம்ப்கின் என்ற சாதுவான ஒரு குதிரையைக் கட்டி வைத்ததுதான். காலை மட்டும் பார்க்கிறவர் அல்ல அவர்.

யார் ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. பொல்லார்டின் கால் இன்னொரு தடவை உடைந்தால் பிறகு நடப்பதே சந்தேகம் என்ற நிலை. ஹோவர்ட் தயங்கினார். பொல்லார்ட் விடவில்லை. மனைவி கர்ப்பமாக இருந்தார், பணம் வேண்டும், அதற்கும் மேல் 1937இல் மூக்கு நுனியில் தவறவிட்டது அவர் ஓட்டிய ரேஸ்தான். கடைசியில் காலில் ஒரு இரும்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினார்.

1940 பிப்ரவரி 9. கால் அறுந்து ஒரு வருடம் ஆக ஐந்து நாள் பாக்கி. முதல் ரேஸில் மூன்றாவது இடம். பிப்ரவரி 17, இரண்டாவது ரேஸ், ஆறாவது இடம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது சரிவு. ஆனால் காயத்திலிருந்து திரும்பும் குதிரைக்கு மதிப்பெண் போடுவது ரேஸ் முடிந்த இடத்தில் அல்ல, மறுநாள் காலையில் லாயத்தில். காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு இல்லை, வீக்கம் இல்லை என்றால் அந்த ஆறாவது இடமும் ஒரு வெற்றிதான். பிப்ரவரி 24 அன்று சான் அன்டோனியோ ஹேண்டிகேப்பில் சீபிஸ்கட் முதலில் வந்தது. அதே லாயத்துக் கயாக் இரண்டாவது. நேரம் அந்த மைதானத்தின் சாதனையைத் தொட்டது. பதினைந்து நாளில் மூன்று ரேஸ்! பத்து மாதம் பிடித்து வைத்த கயிற்றை இப்போது மொத்தமாக விட்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, 1940 மார்ச் 2. நூறாயிரம் டாலர் ரேஸ். மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்கும் மேல். தூரம் ஒன்றேகால் மைல், நம் கணக்கில் இரண்டு கிலோமீட்டர். சீபிஸ்கட்டின் முதுகில் மறுபடியும் 130 பவுண்டு. ஒரு வருடக் காயம், ஏழு வயது, எதற்கும் ஹேண்டிகேப் போடுபவர் தள்ளுபடி கொடுக்கவில்லை.

விச்சீ என்ற குதிரை முன்னால் இழுத்துக்கொண்டு போனது. சீபிஸ்கட் அதன் பின்னால். கடைசி வளைவில் வெட்டிங் கால் என்ற குதிரை பக்கவாட்டில் வந்து சேர, பொல்லார்ட் இரண்டுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டார். முன்னால் சுவர், பக்கத்தில் வழி இல்லை. குதிரையைப் பிடித்து வைக்கத்தான் வேண்டியிருந்தது, ஓட்டத்தின் நடுவிலும். சில கணங்களில் இரண்டுக்கும் இடையில் ஒரு சந்து திறந்தது. பொல்லார்ட் அதில் விட்டார். அந்த இடத்தில் பாதை தவறி மோதியிருந்தால் அவருடைய காலும் குதிரையின் காலும் ஒரே நொடியில் போயிருக்கும். போகவில்லை. சந்தைத் தாண்டி வெளியே வந்தது சீபிஸ்கட். பின்னாலிருந்து கயாக் விரட்டிக்கொண்டு வந்தது. எட்ட முடியவில்லை.

நேரம் 2 நிமிடம் 1 1/5 விநாடி. அந்த மைதானத்தின் புதிய சாதனை. ஒன்றேகால் மைல் தூரத்தை அமெரிக்காவில் அதுவரை அதைவிட வேகமாக ஒரே ஒரு குதிரைதான் ஓடியிருந்தது. காயம்படுவதற்கு முன்பு இதே ரேஸில் சீபிஸ்கட் ஓடிய இரண்டு தடவையையும்விட இது வேகம்.

இதிலும் ஒரு சர்ச்சை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு குதிரைகளும் ஹோவர்டுடையவை. ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் ஓடினால், "எனக்கு இதுதான் ஜெயிக்க வேண்டும்" என்று முன்கூட்டியே அறிவிக்க அன்றைய விதி அனுமதித்தது. ஹோவர்ட் சீபிஸ்கட்டை அறிவித்திருந்தார். இரண்டின் மேலும் கட்டிய பந்தயம் ஒன்றாகவே கணக்கிடப்பட்டதால் பணம் கட்டியவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கயாக்கின் ஜாக்கி முழு மூச்சாக ஓட்டியிருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்ற கேள்வி அன்றே கிளம்பியது, இன்றும் அடங்கவில்லை. கயாக் முந்தியிருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், கடிகாரம் பொய் சொல்லவில்லை. அறுந்து ஒட்டிய காலோடு அந்த நேரத்தில் ஓடியது ஓடியதுதான்.

முதல் பரிசு 86,650 டாலர். மொத்தச் சம்பாத்தியம் 4,37,730 டாலர், புதிய உலக சாதனை. அடுத்த மாதமே ஹோவர்ட் குதிரைக்கு ஓய்வு அறிவித்தார். இந்த முறை யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை. மொத்தம் 89 ரேஸ், 33 வெற்றி.

சீபிஸ்கட் ரிட்ஜ்வுட் பண்ணைக்கே திரும்பியது. மலைப்பாதையில் ஹோவர்ட் தானே அதன் மேல் ஏறிச் சவாரி போவார். அடுத்த ஏழு ஆண்டுகளில் 50,000 பேருக்கும் மேல் அந்தப் பண்ணைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொல்லார்டுக்கு அப்படி ஒரு பண்ணை இல்லை. சின்னச் சின்ன மைதானங்களில், சின்னச் சின்னக் குதிரைகளை 1955 வரை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னும் பல தடவை விழுந்தார். 1981இல் இறந்தார். வூல்ஃப் 1946 ஜனவரியில் அதே சாண்டா அனிதாவில் குதிரையிலிருந்து விழுந்து மாண்டார்.

சீபிஸ்கட் 1947 மே 17 அன்று, 14 வயது நிறையச் சில நாட்கள் இருக்கும்போது இறந்தது. கால் காரணமல்ல, மாரடைப்பு என்கிறார்கள். ஹோவர்ட் அதைப் பண்ணையிலேயே புதைத்து, மேலே ஒரு ஓக் கன்றை நட்டார். எந்த மரம் என்பதைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு, கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை.